கார் பெயின்டுக்கும் வீலுக்கும் நீடித்து நிற்கும் வேக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்பாவில் ‘ஆறு மாதம்’, ‘ஒரு வருடம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலர் வேக்ஸ் வாங்குகிறார்கள். ஆனால் பூசுவதற்கு முன் பெயின்டை எப்படித் தயார் செய்தீர்கள், பூசிய பின் எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நிற்கும் காலம் அமையும். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் வந்து நிற்கும்.

வேக்ஸ் உண்மையில் எதைக் காக்கிறது?

இன்றைய காரில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற க்ளியர் கோட் என்று பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தால் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் க்ளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. வேக்ஸ் அதற்கும் மேலே படியும் படலம், ஒரு மைக்ரான்கூடத் தேறாது.

அவ்வளவு மெல்லிய படலத்தால் என்ன பயன்? அழுக்கு இறுகப் பிடிக்காது. தண்ணீர் தேங்காது. பறவை எச்சம், செத்த பூச்சி, மரப்பிசின் இவையெல்லாம் க்ளியர் கோட்டை அரிக்கத் தொடங்குவதற்குள் கழுவிவிடக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இவற்றைவிடப் பெரிய லாபம் இன்னொன்று: அழுக்கு எளிதில் போவதால் கழுவும்போது தேய்க்க வேண்டியது குறைகிறது. பெயின்டில் தெரியும் மெல்லிய வட்டக் கீறல்களில் முக்கால்வாசி கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போட்டவை.

கல் தெறிப்பையோ, வாகன நிறுத்தத்தில் விழும் உரசலையோ வேக்ஸ் தடுக்காது. அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் தடிமனான பாலியூரித்தேன் ஃபிலிம் ஒட்ட வேண்டும். வெயில் விஷயத்திலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புற ஊதாக் கதிரை மறிக்கும் சேர்மங்கள் க்ளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வேக்ஸின் பங்கு சொற்பம். க்ளியர் கோட் ஏற்கெனவே செதில் செதிலாக உரிகிறதென்றால் வேக்ஸுக்குச் செலவழிக்க வேண்டாம், அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

வேக்ஸும் பாலிஷும் ஒன்றுதானே?

இல்லை. பாலிஷில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உண்டு. அது க்ளியர் கோட்டைத் துளி சீவி, கீறலின் விளிம்பை மட்டப்படுத்தும். சீவியது சீவியதுதான், திரும்ப வராது. வேக்ஸ் எதையும் எடுக்காமல் மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிறது.

இரண்டையும் கலந்து ‘க்ளீனர் வேக்ஸ்’ என்று விற்பார்கள். மங்கிப்போன பழைய காருக்கு வருடம் ஒரு முறை பூச வசதியானதுதான். அதையே மாதாமாதம் பூசினால் மாதாமாதம் பெயின்டைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கார்னௌபா, சீலன்ட், செராமிக் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் இயற்கை மெழுகு. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். சுத்தமான கார்னௌபா கல் போலக் கெட்டியாக, தட்டினால் நொறுங்குவதாக இருக்கும், அப்படியே பூச முடியாது. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் சேர்த்தால்தான் பசையாகும். ஆகவே ‘நூறு சதவீதக் கார்னௌபா’ என்று டப்பாவில் இருந்தால், உள்ளே இருப்பது முழுக்கக் கார்னௌபா என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடர் நிறக் கார்களில் இது தரும் ஆழமான பளபளப்பு தனி அழகு. ஆனால் வெயிலிலும் மழையிலும் தினமும் ஓடும் காரில் ஒன்றிரண்டு மாதம் நின்றாலே பெரிது.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். பெயின்டைப் பிடித்துக்கொள்ளும் விதமாக மாற்றிய சிலிக்கோன்களும் அக்ரிலிக்குகளும் இதில் இருக்கும். சூட்டையும் ஷாம்பூவையும் கார்னௌபாவைவிட நன்றாகத் தாங்கும். ஒழுங்காகப் பூசினால் நான்கு முதல் ஆறு மாதம் எதிர்பார்க்கலாம்.

செராமிக் ஸ்ப்ரே, ஹைப்ரிட் வேக்ஸ் எல்லாம் சிலிக்கா சார்ந்த பிசின்களைச் சேர்த்த கலவைகள். பூசுவது மிக எளிது. ஆயுளில் சீலன்டுக்குப் பக்கத்தில் நிற்கும். சிறு புட்டியில் வரும் உண்மையான செராமிக் கோட்டிங் வேறு ரகம். பெயின்டின் மேல் கெட்டியாக இறுகி, வருடக்கணக்கில் நிற்கும். பூசும்போது திட்டு விழுந்து காய்ந்துவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பொறுமையும் நல்ல வெளிச்சமும் நிழலான இடமும் இல்லாதவர்கள் அதைத் தாங்களே பூசாமல் இருப்பது நல்லது.

‘9எச் கடினம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே?

அது பென்சில் அளவுகோல். 6பி என்ற மென்மையான பென்சிலிலிருந்து 9எச் என்ற கடினமான பென்சில் வரை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனை. வைரம் பத்து என்று சொல்லும் கனிம அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 9எச் பென்சில் கீறாது என்பதால் மணல் கீறாது என்று ஆகிவிடாது.

டப்பாவில் போட்ட மாதக் கணக்கை நம்பலாமா?

பாதியாகக் குறைத்து நம்புங்கள். சுத்தமான பெயின்ட், மெல்லிய ஷாம்பூ, மிதமான வெப்பம் என எல்லாம் கூடி வந்தால் கிடைக்கும் ஆயுளைத்தான் அதில் போடுவார்கள். ஒரே காரில், ஒரே நாளில் பூசியதே கதவில் மாதக்கணக்கில் நிற்கும், கூரையிலும் பானெட்டிலும் சீக்கிரம் போய்விடும். கிடைமட்டமான பகுதிகள்தான் வெயிலையும் தூசியையும் தேங்கும் மழைநீரையும் நேராக வாங்குகின்றன. பானெட்டுக்கு எஞ்சின் சூடு வேறு. கருப்புக் காரின் பானெட் கடும் வெயிலில் 70 டிகிரி வரை போகலாம். அடுத்தபடியாகத் தேய்வது பின் பம்பரும் கதவின் அடிப்பகுதியும். சக்கரம் வாரி அடிக்கும் அழுக்கும், குளிர் நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் அங்கேதான் படியும்.

சரி, நான் எதை வாங்குவது?

நீங்கள் எப்படிக் கழுவுகிறீர்கள், வருடத்தில் எத்தனை முறை அரை நாள் ஒதுக்க முடியும், இந்த இரண்டையும் முதலில் யோசியுங்கள்.

தினமும் வெளியில் நிற்கும் கார், வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் நேரமில்லை என்றால் செயற்கை சீலன்ட் வாங்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அதோடு ஒரு ஸ்ப்ரே வேக்ஸ் இருந்தால் இடையிடையே சரிக்கட்டிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காரோடு கழிவதையே விரும்புகிறவர்களுக்குக் கார்னௌபா. அடிக்கடி பூச வேண்டியிருப்பதே அவர்களுக்கு ஒரு சந்தோஷம்தான். பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடத்துக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள் விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பிரஷ்களும் அங்கே ஊற்றும் காரமான சோப்பும் எந்த வேக்ஸையும் சீக்கிரம் எடுத்துவிடும். எளிய ஸ்ப்ரேயை அடிக்கடி அடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பசையா, திரவமா என்று ரொம்ப யோசிக்காதீர்கள். பூசும் வசதியில்தான் வித்தியாசம்.

பூசுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

அவசரப்படவே கூடாத கட்டம் இது. வேக்ஸ் பெயின்டைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. பழைய வேக்ஸ், எண்ணெய்ப் படலம், தார், இரும்புத்தூள் எது இருந்தாலும் புது வேக்ஸ் அதன் மேல்தான் உட்காரும்; அது போகும்போது இதுவும் போகும்.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, ஈரமான பெயின்டின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம் பை வழியாகச் சொரசொரவென்று தெரியும். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்துவரும் இரும்புத்தூள் பெயின்டில் குத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அந்தச் சொரசொரப்புக்குக் காரணம்.

அதற்கு அயர்ன் ரிமூவர் என்ற திரவத்தைத் தெளிக்க வேண்டும். இரும்போடு சேர்ந்ததும் அது ஊதா நிறமாக வழியும். கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஆகவே காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். திரவம் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். தார்ப் புள்ளிகளுக்குத் தார் ரிமூவர். அதற்குப் பிறகும் சொரசொரப்பு மிஞ்சினால் க்ளே பார், அதாவது பதிந்த அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியை எடுக்கலாம். பெயின்டின் மேல் வழுக்குத் திரவம் நிறைய தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். க்ளே பார் கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய மணல் பெயின்டில் கோடு போடும். க்ளே பாரே லேசான தடம் விடுவதுண்டு, அடர் நிறக் காரில் அது தெரியும். தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள்.

கீறல்கள் உறுத்தினால் பாலிஷ் போட இதுதான் சமயம். கடைசியாக, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ பேனல் வைப் திரவத்தாலோ துடைத்துவிட்டால், பாலிஷில் இருந்த எண்ணெய் போய்ப் பெயின்ட் வெறுமையாகும். சீலன்டுக்கும் கோட்டிங்குக்கும் இந்தத் துடைப்பைத் தவிர்க்கக் கூடாது. கார்னௌபா அவ்வளவு கண்டிப்பு பார்க்காது.

புதிய காருக்கும் பூச வேண்டுமா?

பூசலாம். தொழிற்சாலையில் பெயின்டைச் சூளையில் சூடேற்றி இறுக்கிவிடுகிறார்கள், ஆகவே புதுக் காரில் காத்திருக்க வேண்டியதில்லை. ரயிலிலும் கப்பலிலும் வந்து, திறந்தவெளியில் நின்ற காரில் இரும்புத்தூள் நிறையவே இருக்கும் என்பதால் மேலே சொன்ன தயாரிப்பு இதற்கும் உண்டு.

விபத்துக்குப் பிறகு பட்டறையில் அடித்த பெயின்ட் வேறு கதை. அதிலிருந்து கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே வேக்ஸால் மூடினால் பெயின்ட் சரியாக இறுகாது. பொதுவாக 30 முதல் 90 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அடித்தவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

பூசும் முறை என்ன?

நிழலில், தொட்டால் சூடு தெரியாத பெயின்டில் பூசுங்கள். வெயிலில் பூசினால் கரைப்பான் சட்டென்று ஆவியாகி வேக்ஸ் திட்டுத்திட்டாக இறுகும், துடைத்தெடுக்கத் தோள் வலிக்கும்.

அப்ளிகேட்டர் பஞ்சில் கொஞ்சமாக எடுத்து, முடிந்த அளவு மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பூசிய இடத்தில் லேசான மங்கல் மட்டும் தெரிந்தால் போதும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். தடிமனாகப் பூசினால் அதிக நாள் வரும் என்று எண்ணித்தான் பாதி டப்பா வீணாகிறது. பெயின்டைப் பிடிக்கும் அடிப்படலம் மட்டும்தான் நிற்கும். மிச்சமெல்லாம் துணியோடு வந்துவிடும், துணியில் வராதது தூசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

எப்போது துடைப்பது? விரலைத் துணியில் சுற்றி ஓர் இழு இழுத்துப் பாருங்கள். பெயின்ட் தெளிவாகத் தெரிந்தால் துடைக்கலாம், பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சில கார்னௌபா வேக்ஸ்களைக் காயவே விடாமல் பகுதி பகுதியாகப் பூசித் துடைக்க வேண்டும். சீலன்ட் பலவற்றை முழுக் காருக்கும் பூசிவிட்டுப் பிறகு துடைக்கலாம். டப்பாவில் என்ன சொல்லியிருக்கிறதோ அப்படி. துடைக்க ஒன்றுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி வைத்துக்கொள்ளுங்கள்: முதலாவதால் வேக்ஸை எடுத்து, இரண்டாவதால் மெருகேற்றுங்கள்.

சீலன்ட் முழுதாக இறுகப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை மழையும் பனியும் படாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. ஓட்டுவதில் தடையில்லை.

எத்தனை கோட்?

இரண்டு. இரண்டாவது கோட்டால் தடிமன் கூடிவிடாது. முதல் கோட்டில் விட்டுப்போன இடங்கள் நிரம்பும். அதற்குமேல் பூசுவது மனத் திருப்திக்கு. சீலன்டின் மேல் கார்னௌபா பூசலாம், ஆயுளும் பளபளப்பும் சேர்ந்து கிடைக்கும். அதையே தலைகீழாகச் செய்தால் சீலன்டுக்குப் பிடிமானம் கிடைக்காது.

கருப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பட்டுவிட்டதே?

பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் நுண்குழிகளில் வேக்ஸ் புகுந்து காய்ந்தால் இப்படி ஆகும். பென்சில் அழிப்பானால் தேய்த்தால் நிறையப் போய்விடும். போகாவிட்டால் பிளாஸ்டிக் க்ளீனரும் மென்மையான பிரஷ்ஷும். அடுத்த முறை பூசும் முன் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

முன்கண்ணாடிக்கு இதே வேக்ஸைப் பூசலாமா?

வேண்டாம். வைப்பர் தத்தித் தத்திப் போகும், இரவில் எதிர்வரும் விளக்கொளி பட்டால் மங்கலாகத் தெரியும். கண்ணாடிக்கென்றே நீர்விலக்கிகள் இருக்கின்றன. ஹெட்லைட்டின் மேல் பூசலாம். ஆனால் ஏற்கெனவே மஞ்சளானதை அது தெளிவாக்காது.

பளபளப்பில்லாத மேட் பெயின்டுக்கு?

வழக்கமான வேக்ஸும் பாலிஷும் கூடவே கூடாது. வேக்ஸ் திட்டுத்திட்டாக மினுங்கும். பாலிஷ் மேற்பரப்பையே வழுவழுப்பாக்கிவிடும், அதைச் சரிசெய்ய மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிவரும். மேட்டுக்கென்று தனியாக விற்கும் சீலன்டை மட்டும் பூசுங்கள்.

வீலுக்குத் தனி வேக்ஸ் தேவையா, காருக்குப் பூசுவதே போதாதா?

காருக்கு நீங்கள் பூசுவது நல்ல சீலன்ட் என்றால் அதையே வீலுக்கும் பூசலாம். கார்னௌபா என்றால் வேண்டாம்.

பெரும்பாலான கார்களில் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் அழுத்தும்போது டிஸ்க்கும் பேடும் உரசித் துகள்கள் தெறிக்கின்றன. கடுமையாகப் பிரேக் போட்டால் டிஸ்க் பல நூறு டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டோடு வரும் இரும்புத்துகள் வீலின் மேல்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடித்து, இன்னும் இறுகும். வீல் அந்த அளவுக்குச் சூடாகாவிட்டாலும், மலைப்பாதையில் இறங்கும்போது பெயின்ட் அடித்த மற்ற பகுதிகளைவிட அதிகம் சூடாகலாம். இயற்கை மெழுகு அங்கே நிற்காது. வீல் சீலன்ட் என்று விற்பவை பெரும்பாலும் அதிகச் சூட்டைத் தாங்கும் செயற்கைப் பாலிமர்கள் அல்லது சிலிக்கா கலவைகள். பிரேக் தூசி அதிகம் கொட்டும் கார் என்றால் வீலுக்கு மட்டும் செராமிக் கோட்டிங் போடுவதைப் பரிசீலியுங்கள். முழுக் காரைவிடச் சின்ன வேலை, பலன் ஒவ்வொரு கழுவலிலும் தெரியும்.

வேக்ஸ் பூசினால் தூசி விழாமல் இருக்காது. விழுந்தது தண்ணீருக்கும் ஷாம்பூவுக்குமே போய்விடும், அவ்வளவுதான். தூசியே குறைய வேண்டுமென்றால் அடுத்த முறை பிரேக் பேட் மாற்றும்போது செராமிக் பேட் பற்றி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

எல்லா வீலும் ஒரே மாதிரிதானா?

இல்லை, இங்கேதான் பலர் வீலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான அலாய் வீல்களில் பெயின்டும் க்ளியர் கோட்டும் உண்டு, காரின் பெயின்டைப் போலவே நடத்தலாம். முகத்தை இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலில் க்ளியர் கோட்டில் சின்னப் பிளவு விழுந்தாலும் போதும், ஈரம் உள்ளே புகுந்து வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு பரவும். அது வந்த பிறகு வேக்ஸ் உதவாது.

பூச்சே இல்லாத, மெருகேற்றிய அலுமினிய வீல்களும் இருக்கின்றன. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத ஒரு மூலையில் மெட்டல் பாலிஷைத் துளி தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி கருப்பானால் வெற்று அலுமினியம். கருப்பாகாவிட்டால் மேலே க்ளியர் கோட் இருக்கிறது. அங்கே மெட்டல் பாலிஷை அதற்குமேல் கொண்டுபோகாதீர்கள், மங்கிவிடும். வெற்று அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. வீல் க்ளீனர் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

அமில வீல் க்ளீனர்களில் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். அழுக்கு நொடியில் போகும், உண்மைதான். ஆனால் தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி ஆழமான காயம் செய்யக்கூடியவை அவை. வீட்டில் அதை வைத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

வீலுக்குப் பூசுவது எப்படி?

வீல் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஷாம்பூ, அயர்ன் ரிமூவர், தார் ரிமூவர், நன்றாகக் காயவைத்தல், ஆல்கஹால் துடைப்பு என்ற அதே வரிசை. கம்பிகளின் இடுக்கிலும் நட்டுக் குழிகளைச் சுற்றியும் விரலில் சுற்றிய சிறு துண்டால் பூசுங்கள். ஸ்ப்ரே சீலன்ட் என்றால் நேராக வீலில் அடிக்காமல் துணியில் அடித்துப் பூச வேண்டும். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ வேக்ஸ் பட்டால் பிரேக் பிடிக்காது. டயரின் தரை தொடும் பகுதியிலும் படக் கூடாது.

வீலின் உள்பக்கம்தான் அதிக தூசி வாங்கும் இடம். டயர் மாற்றவோ இடம் மாற்றிப் போடவோ வீலைக் கழற்றும் நாளில் அந்த உள்பக்கத்தையும் சுத்தம் செய்து பூசிவிட்டால் அடுத்த முறை கழற்றும் வரை நிம்மதி. வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைத் தொடும் முகத்திலும், நட்டு உட்காரும் இடத்திலும், மரையிலும் வேக்ஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். மாட்டிய பிறகு கார் கையேட்டில் உள்ள டார்க் (நட்டை முடுக்கும் திருகுவிசை) அளவுக்கு முடுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

பூசிய பிறகு எப்படிக் கழுவினால் அதிக நாள் நிற்கும்?

பி.எச். நடுநிலையான, அதாவது அமிலமோ காரமோ அல்லாத கார் ஷாம்பூ, இரண்டு வாளி. ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டு, அப்புறம்தான் காரில் கை வைக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி; வீல் தேய்த்த துணியில் இரும்புத்துகள் ஒட்டியிருக்கும், அது பெயின்டுக்கு வரவே கூடாது. ஆனால் முதலில் கழுவ வேண்டியது வீலைத்தான், இல்லையென்றால் கழுவி முடித்த கதவில் வீல் அழுக்கு தெறிக்கும்.

துடைக்காமல் வெயிலில் காயவிடாதீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கும். புது வட்டத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, உடனே அலசிவிடலாம். நாள்பட்டது பெயின்டை அரித்திருந்தால் பாலிஷ்தான்.

நல்ல வேக்ஸ் பூசிய வீலுக்கு ஒவ்வொரு முறையும் வீல் க்ளீனர் தேவைப்படாது. ஷாம்பூவுக்கே அழுக்கு போகாத நாள் வந்தால், மறுபடி பூச வேண்டிய நாளும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவினால் வேக்ஸ் போய்விடுமா?

கார்னௌபா சீக்கிரம் பலவீனமாகும். சீலன்ட் ஒரே கழுவலில் முழுக்கப் போய்விடாது. ஆகவே பழைய சீலன்டை எடுக்க இதை நம்பவும் வேண்டாம், வாராவாரம் இதால் கழுவவும் வேண்டாம். கார் ஷாம்பூவில் இருக்கும் வழுக்கு இதில் குறைவு, கீறல் வாய்ப்பு அதிகம்.

வேக்ஸ் தீர்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். அது பாதி உண்மை. அழுக்குப் படலம் மூடியிருந்தால் உள்ளே வேக்ஸ் இருந்தும் தண்ணீர் படர்ந்து நிற்கும். அதே போல, பளபளப்பு ஷாம்பூ போட்டுக் கழுவினால் அதில் உள்ள பொருளே தண்ணீரை முத்தாக்கிக் காட்டும், உள்ளே வேக்ஸ் இருக்காது. தவிர, சில சீலன்ட்கள் தண்ணீரை முத்தாக்காமல் ஒரே விரிப்பாக வழித்துவிடும் விதமாகவே தயாராகின்றன, அது குறையல்ல.

ஆகவே வேக்ஸ் எதுவும் கலக்காத ஷாம்பூவால் கழுவி, அலசி, வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கதவில் தண்ணீர் வேகமாக ஓடி, பானெட்டில் மட்டும் தட்டையாகத் தேங்கினால் பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் புதிதாகப் பூசினால் போதும். முழுக் காருக்கும் ஒரே நாளில் பூசியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இடையில் ஸ்ப்ரே அடித்தால் போதுமா?

போதும், ஆனால் தீர்ந்த பிறகு அடித்துப் பயனில்லை. அடிப்படை வேக்ஸ் இன்னும் இருக்கும்போதே, மாதம் ஒரு முறை கழுவித் துடைக்கும் நேரத்தில் அடித்தால் ஆயுள் நன்றாகவே நீளும். செராமிக் கோட்டிங் போட்ட காரில், அதே வகைக்கென்று தயாரித்த டாப்பர் (கோட்டிங்கின் மேல் அடிக்கும்) ஸ்ப்ரே பொருந்தும். கோட்டிங்கின் மேல் கார்னௌபா பூசினால் கெடுதல் இல்லை. ஆனால் கோட்டிங்கின் அழுக்கு ஒட்டாத தன்மை அதன் அடியில் மறைந்துவிடும், கோட்டிங்குக்குக் கொடுத்த காசு வீண்.

வேக்ஸ் பூசியிருக்கிறேன், பறவை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வரை விடலாமா?

விடக் கூடாது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடாகி, பிறகு குளிரும்போது இறுகிய எச்சம் அதில் பள்ளம் பதிக்கிறது. சூடான நாளில் சில மணி நேரமே போதும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், உள்ளே மணல் இருக்கும். ஈரத்துணியை அதன் மேல் போட்டுச் சில நிமிடம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். அந்த இடத்தில் மட்டும் மறுபடி கொஞ்சம் வேக்ஸ்.

துணிகளையும் மீந்த வேக்ஸையும் எப்படி வைப்பது?

மைக்ரோஃபைபரை மற்ற துணிகளோடு போடாமல் தனியாகத் துவையுங்கள், பருத்தி நூல் பிசிறு ஒட்டிக்கொள்ளும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம். இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், காரிலும் தடம் விடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை உருகிச் சொரசொரப்பாகும். தரையில் விழுந்த துணியைத் துவைக்கும் வரை பெயின்டில் வைக்காதீர்கள். வீலுக்குப் போன துணியில் மார்க்கரால் ஓர் அடையாளம் போட்டு வீலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வேக்ஸ் டப்பாவை இறுக்க மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காருக்குள்ளேயே போட்டுவிட வேண்டாம். நீர் கலந்த திரவ வகைகள் உறைந்தால் பிரிந்துவிடும். குலுக்கியும் ஒன்று சேரவில்லை என்றால் அதன் கதை முடிந்தது. பசை வேக்ஸ் ஓரத்தில் சுருங்கி லேசாக வெடித்திருந்தாலும் பூசவும் துடைக்கவும் முன்போலவே வருகிறதென்றால் தாராளமாகப் பூசலாம். செராமிக் கோட்டிங் புட்டியைத் திறந்த பிறகு அதிக நாள் வைக்க முடியாது, காற்றிலுள்ள ஈரத்திலேயே இறுகிவிடும். மீந்ததை அன்றைக்கே வீலுக்குப் பூசிவிடுங்கள்.